ஊற்றுக்கு மேலே ஒரு முளைக்குச்சி

விடிகிற நேரத்தில் கிழங்கு தின்றுவிட்டு வளைக்குத் திரும்பிய முள்ளம்பன்றி, மலைமேல் இருந்த புல்மேட்டில் சட்டென்று நின்றது. ஊற்றுக்கு நேர் மேலே, நேற்றுவரை இல்லாத ஒரு முளைக்குச்சி சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றிருந்தது.

“யாரப்பா நீ?”

“ரோடு போட அளந்து அடிச்ச முளை. நான் நிக்கிற வழியாத்தான் ரோடு போகும்.”

“இங்கே மண்ணை வெட்டினா கீழே ஊத்து செத்துப்போகுமே!”

“அதெல்லாம் எனக்கெதுக்கு? நிக்கச் சொன்னாங்க, நிக்கிறேன். உன் வளை அந்தப் பக்கம்தானே இருக்கு? அதுக்கு ஒரு குறையும் வராது. பேசாம போய்ப் படு.”

முள்ளம்பன்றிக்குச் சுருக்கென்றது. வளை தப்பிக்குமாம்! வளைக்குள் இருக்கிற குட்டிகள் எதைக் குடிக்கும்? காட்டுமாடும் மானும், ஏன், அடிவாரத்து ஊர்ச்சனமும் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தானே? கோபத்தில் அதன் முட்கள் சலசலவென்று நிமிர்ந்தன. ஆனால் மரக்குச்சி முள்ளுக்குப் பயப்படுமா என்ன? முட்களை மடக்கிக்கொண்டு, குச்சியின் அடியில் பல்லை வைத்தது.

“ஐயோ, என்ன பண்றே?” குச்சி அலறியது. “என்னைச் சாய்ச்சிட்டா மட்டும் ஆச்சா? நாளைக்கே இன்னொண்ணை அடிப்பாங்க. அதுக்கப்புறம் இன்னொண்ணு. அவங்ககிட்டக் கட்டுக்கட்டா இருக்கு!”

முள்ளம்பன்றி வாயிலிருந்த சிராயைத் துப்பியது.

“அடிக்கட்டும். என் பல்லு, தேயத் தேய வளர்ற பல்லு.”