மாடிக் கழிவறையின் சாவி

"மனிதன் எந்தச் சங்கிலியோடும் பிறக்கவில்லை. தான் என்னவாக வேண்டும் என்பதை அவனே தீர்மானிக்கிறான்!"

மேசையைத் தட்டி இதைச் சொன்ன நொடியில், தன் அடிவயிறு தன்னைக் கேட்காமலே ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டதைப் புது விரிவுரையாளர் உணர்ந்தார். மதிய மணி அடித்ததுதான் தாமதம், மறுமலர்ச்சிக் காலத்து மானுடவாதத்தை அப்படியே போட்டுவிட்டுத் துறைத் தலைவரின் அறைக்கு ஓடினார்.

வரலாற்றுத் துறை இருந்த மாடிக்கு ஒரே ஒரு கழிவறை. அதற்கு ஒரு பூட்டு. சாவி தலைவரின் சட்டைப் பையில். அதனாலேயே கல்லூரி முழுக்க அவருக்குப் பெயர் 'பூட்டு'.

"சார், சாவி..."

"இல்ல. வெளிய போயிருக்கு," என்றார் பூட்டு, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"நாளைக்கும் சொல்லுவேன். மதியம் மணி அடிச்சா கொஞ்ச நேரத்துக்கு சாவி கிடையாது. மத்த நேரத்துல தாராளமா வாங்கிக்குங்க."

"இந்த நேரத்துலதானே சார் வருது!"

"அடக்கிப் பழகுங்க. வயசுப் பையன்தானே."

ஆசிரியர்கள் அறையில் விரிவுரையாளர் கால் மேல் கால் போட்டுப் பார்த்தார், கால் மாற்றியும் பார்த்தார்.

"சாவி அந்தாளு மேசைக்குள்ளதான் இருக்கும்," என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். "நாம தவிக்கிறதைப் பார்க்கிறதுல ஒரு சந்தோஷம்."

போதாதா? அன்று மாலையே மனு தயார். மனிதனாகப் பிறந்த ஒவ்வொருவரிடமும் பிறர் பறிக்க முடியாத ஒரு கண்ணியம் இருக்கிறது என்று தொடங்கி, நானூறு வருடத்து ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு, மூன்றாம் பக்கத்தில்தான் கழிவறைக்கு வந்து சேர்ந்தது. துறையே கையெழுத்துப் போட்டது.

கல்லூரி முதல்வர் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தார்.

"பூட்டை எடுத்துடலாம். ஆனா திறந்து போட்டா கண்டவங்களும் நுழைவாங்களே? கேட்ல நிக்கிற கான்ட்ராக்ட் ஆளுங்க ஏற்கெனவே கேட்டுக்கிட்டிருக்காங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

விரிவுரையாளர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"அதுக்கென்ன சார், ஒரு போர்டு மாட்டிட்டாப் போச்சு. 'ஆசிரியர்களுக்கு மட்டும்'. எதிர்ல பியூனை உட்கார வெச்சிடலாம்."

"பலே!" என்றார் முதல்வர்.

மறுநாள் காலையில் பூட்டு போனது. போர்டு வந்தது. பியூன் ஸ்டூலோடு வந்து உட்கார்ந்தார்.

தலைவர் தன் அறை வாசலில் நின்று போர்டை நிதானமாகப் படித்தார்.

"இது யார் யோசனை?"

"நான்தான் சார் சொன்னேன்," என்றார் விரிவுரையாளர். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. தலைவர் தன் அறைக்குள் திரும்பிப் போனார்.

மதிய மணி அடித்தது. யாரிடமும் கை நீட்டாமல், யாருக்கும் காரணம் சொல்லாமல், சுதந்திர மனிதனாக உள்ளே போய்விட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார் விரிவுரையாளர்.

மாடிப்படியின் உச்சியில் கேட் காவல்காரப் பெண் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். காலையில் விரிவுரையாளரின் ஸ்கூட்டருக்குக் கேட்டைத் திறந்து சல்யூட் அடித்தவர்.

"என்னம்மா, கேட்டை விட்டுட்டு மாடியில என்ன வேலை?"

"பெரிய சாரைப் பார்க்கணும் சார்."

அந்தப் பெண் பியூனைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல், தலைவரின் அறை வாசலில் போய் நின்று, தினமும் நீட்டுகிறவரைப் போலக் கையை நீட்டினார்.

"சார்... சாவி?"

தலைவர் அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலாக விரிவுரையாளரைப் பார்த்தபடி சொன்னார்:

"இனிமே சாவி இல்லம்மா. மனுஷங்களுக்கு உரிமை கிடைச்சிடுச்சு."