பச்சை விரித்த தோட்டம்

செம்மணல் வேலியைத் தாண்டிவிட்டது. அரசின் ட்ரோனுக்குப் பச்சை தெரியாத நிலத்தை மணல் மண்டலம் என்று அறிவித்துவிடுவார்கள். அங்கே யாரும் குடியிருக்க முடியாது. ட்ரோன் சத்தம் கேட்டதும் செல்வக்கனியும் அவள் கணவன் லிங்கதுரையும் பச்சைச் சேலைகளையெல்லாம் காய்ந்த தோட்டத்தில் விரித்துக் கல் வைத்தார்கள். கடைசியாக, போன வாரம் தன் வளைகாப்புக்கு அவள் கட்டிய சேலை.

ட்ரோன் தலைக்கு மேலே நின்றது. அது நகர்ந்ததும் போன் பேசியது.

"உங்கள் நிலத்தில் நீர்வளம் உறுதியாகிவிட்டது. நீங்கள் இங்கேயே இருக்கலாம். குடிநீர் லாரி இன்றோடு நிறுத்தப்படுகிறது."

வீட்டில் அரைக் குடம்தான் இருந்தது.

"சேலைய எடுத்துருவமா?" என்றாள்.

"எப்படி எடுக்க? நாளைக்கும் வந்து பாக்கும்லா."

காற்று வளைகாப்புச் சேலையைத் தூக்கியது. கல் போதவில்லை. செல்வக்கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.