எஞ்சினுக்குள் ஓர் இடம்

சுண்டுவிரல் நீளமே இருந்த பொம்மை ரயில் எஞ்சினைப் பார்த்துக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "இதுக்கு டிஜிட்டல் வேணாம்மா. உள்ள சிப் வைக்க இடமே இல்ல. பழைய கன்ட்ரோலே போதும்."

பழையதை மரகதவல்லி பார்த்தாயிற்று. முப்பது வருடம் எக்ஸ்பிரஸ் ஓட்டிய கணவர் தேவசகாயத்துக்கு இப்போது ஓயாத கை நடுக்கம். பொம்மை ரயிலின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை அவர் பிடித்தால் நடுக்கம் அப்படியே தண்டவாளத்தில் இறங்கி, எஞ்சின் வெடுக் வெடுக்கென்று துள்ளியது. "எனக்கு இனி ரயில் இல்ல வல்லி" என்று எழுந்து போய்விட்டார். டிஜிட்டல் சிப்பில், கை எப்படிப் பதறினாலும் வேகத்தை மெல்லத்தான் மாற்ற வேண்டும் என்று பதிந்து வைக்கலாம்.

"சிப்பக் குடுங்க. இடத்த நான் பாத்துக்கறேன்" என்றாள், இருபது வருடம் காதுக் கருவிகளைப் பழுதுபார்த்த மரகதவல்லி.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பூதக்கண்ணாடியும் அரமுமாக உட்கார்ந்து, எஞ்சினின் உட்புறத்தைச் சுரண்டி, சிப்பைப் பொருத்தினாள். நான்காம் ஞாயிறு கடைக்காரரையும் வரவழைத்தாள். தேவசகாயம் நடுங்கும் கையால் குமிழைத் திருப்ப, ரயில் அலுங்காமல் சாப்பாட்டு மேசையைச் சுற்றி வந்து பிளாட்பாரத்தில் நின்றது.

கடைக்காரர் குனிந்து எஞ்சினைத் தொட்டார். "இதுல எப்படிம்மா இடம் கிடைச்சுது?"

மரகதவல்லி கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கடைக்காரரிடம் சொன்னார்:

"கைய எடுங்க சார். வண்டி கிளம்புது."