பதினைந்தாவது கிலோமீட்டரில் ஒரு சாவி

எட்டு மாதமாக விடியற்காலையில், தூங்கும் புருஷனையும் பிள்ளைகளையும் உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் சுகிர்தா ஓடிப் பழகினாள். சுடிதாரில் பாக்கெட் கிடையாது. சாவி வலது கைக்குள்ளேயே இருக்கும். பந்தயத்தன்று எல்லோரும் கூடவே கிளம்பிவிட்டதால் சாவி புருஷனிடம் போய்விட்டது. இருபத்தொரு கிலோமீட்டரில் பதினைந்தைத் தாண்டும்போது அந்த வெறுங்கை எதையோ தேடித் திறந்து திறந்து மூடியது. அடுத்த அடி எடுத்து வைக்க வரவில்லை. ஓரமாக மேசை போட்டுத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் போய் நின்றாள்.

"அக்கா, உங்க வீட்டுச் சாவியக் கொஞ்சம் குடுங்க."

சுகிர்தா நீட்டிய கையை அந்தப் பெண் பார்த்தாள். உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்து காய்த்துப்போயிருந்தது. இடுப்பில் செருகியிருந்ததை உருவிக் கொடுத்தாள்.

"ஓடு. நீ வர்ற வரைக்கும் நான் வெளியதான் நிக்கணும், பாத்துக்கோ."

எல்லைக்கோட்டைச் சிரித்துக்கொண்டே தாண்டினாள் சுகிர்தா. கழுத்தில் பதக்கம் விழுந்தது. "அவ்வளவுதான், வா வீட்டுக்குப் போலாம்" என்று புருஷன் சாவியை நீட்டினான்.

அவள் மூடிய கையைத் திறக்கவில்லை.

"நீங்க போய்த் தெறந்து காப்பி போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வழியிலேயே திரும்பி ஓடத் தொடங்கினாள்.