மகாராஜாவின் நாற்காலி

சக்கர நாற்காலியில் வந்தவன் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தூக்கிச் சோம்பல் முறித்தான். அதைக் கண்ணாடியில் பார்த்த வேன் ஓட்டுநருக்குக் காலையில் குடித்த டீ தொண்டைக்குத் திரும்பி வந்தது.

முப்பத்தைந்து வயதிருக்கும், வாட்டசாட்டமான ஆள். அவனைத் தள்ளிக்கொண்டு வந்ததோ எழுபதைத் தாண்டிய அவன் அப்பா. சுற்றுலாக் கப்பலின் மற்ற பயணிகள் இறங்குவதற்கு வரிசையில் நின்று வெந்துகொண்டிருக்க, இவர்கள் மட்டும் முதல் ஆளாக இறங்கி, துறைமுகத்துச் சக்கர நாற்காலி ஒன்றையும் இரவல் வாங்கிக்கொண்டு, நாற்காலியை ஏற்றச் சாய்தளம் வைத்த ஒரே வேனில் ஏறிவிட்டார்கள்.

ஓட்டுநர் இந்தக் கூத்தை நிறையப் பார்த்தவர். சிலருக்கு வரிசையைக் கண்டால் மட்டும்தான் கால் விளங்காது. கடைவீதியில் இறக்கிவிட்டால் மான் மாதிரி ஓடுவார்கள். அதனால் அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, செருப்பின் அடியைத்தான் பார்ப்பார். நாற்காலியே கதி என்று இருப்பவர்களின் செருப்பு, கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்தது போலவே இருக்கும். இவனுடைய ஷூவின் அடி தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது.

அந்த நிமிடமே மனதுக்குள் அவனுக்கு மகாராஜா என்று பெயர் வைத்துவிட்டார்.

"கலங்கரை விளக்கத்துக்குப் போங்க தம்பி," என்றார் பெரியவர். "நான் சரக்குக் கப்பல்ல சமையல்காரனா இருந்தவன். கடல்லேருந்து எத்தனையோ தடவை இந்த விளக்கைப் பாத்திருக்கேன். ஒரு தடவைகூட கரையில இறங்க விட்டதில்ல. அங்க மேல நின்னு கடலைப் பாத்துடணும், அவ்வளவுதான் ஆசை."

"மத்தியானம் கப்பல் கிளம்பிடும்ப்பா. இன்னிக்கு விட்டா இனிமே எங்க வரப்போறோம்," என்றான் மகாராஜா.

கலங்கரை விளக்கம் இருந்த குன்றின் மேல் வேன் நின்றது. கடலைப் பார்க்கும் மேடைக்கு அங்கிருந்து ஒரு சரிவுப் பாதை ஏறிப் போனது. வெயில் கொளுத்தியது. ஓட்டுநருக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, நீங்க உக்காருங்க. அவர் தள்ளட்டும்."

பெரியவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "நான் எதுக்கு உக்காரணும்? எனக்கென்ன கேடு? அவனுக்குத்தான் முட்டி சரியில்ல."

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். இவனெல்லாம் ஒரு பிள்ளை என்று நினைத்தபடி ஓட்டுநரும் பின்னாலேயே நடந்தார்.

பாதை ஏற ஏற அவருக்கு அருவருப்பும் ஏறியது. மகாராஜா நாற்காலியில் கால் வைக்கும் பலகையில் காலை வைக்கவேயில்லை. தரையில் ஊன்றி உந்திக்கொண்டே போனான். நடக்கத் தெம்பிருக்கிறது, எழுந்திருக்கத்தான் மனசில்லை.

பாதி வழியில் பெரியவருக்கு மூச்சு வாங்கியது. ஓட்டுநர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பெரியவர் ஒரு கையால் வாங்கி, மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார். மறு கை நாற்காலியின் பிடியை விடவேயில்லை. விட்டால் பிள்ளை என்ன சொல்வானோ என்ற பயம் போலிருக்கிறது.

மேடையை நெருங்கும்போது துறைமுகத்திலிருந்து போன் வந்தது. "அண்ணே, இங்க ஒரு அம்மா மாவுக்கட்டோட உக்காந்திருக்காங்க. குடுக்க ஒரு நாற்காலிகூட இல்ல. எப்ப வருவீங்க?"

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார்.

"எந்திரிப்பா."

"அண்ணே, கொஞ்சம் தள்ளி வாங்க, சொல்றேன்."

"ஒண்ணும் சொல்ல வேணாம். பெத்தவரை மாடா இழுக்க வச்சுட்டு நீ சொகுசா வேடிக்கை பாக்க வந்திருக்க. அங்க நெசமாவே கால் ஒடஞ்ச அம்மா காத்துட்டிருக்கு. சோறுதானே திங்கிற?"

கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இவர்கள் பக்கம் திரும்பினார்கள். மகன் முகம் கன்றிப்போய் எழுந்தான். "அப்பா முன்னாடி வேணாம்ண்ணே."

"ஏன், அப்பா முன்னாடி சொன்னா வெக்கமா இருக்கா?"

"தம்பி, அவனைத் திட்டாதீங்க," என்றார் பெரியவர். "பாவம், அவனுக்கு முட்டி..."

"நீங்க சும்மா இருங்க ஐயா. உங்களை மாதிரி செல்லம் குடுக்கிறவங்களாலதான் இதுங்க இப்படி இருக்குதுங்க."

பெரியவரின் விரல்கள் இன்னும் பிடியை இறுகப் பற்றியிருந்தன. ஓட்டுநர் அவற்றைத் தாமே ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். "போதும்யா இந்த அடிமை வேலை. காலாற நடந்து போய் உங்க கடலைப் பாருங்க."

நாற்காலியை வெடுக்கென்று இழுத்துத் திருப்பினார். இன்றைக்கு ஒருவனுக்காவது புத்தி சொன்னோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது. மகாராஜா எப்படி நடக்கிறான் என்று பார்க்கத் திரும்பினார்.

கடலைப் பார்க்கும் கைப்பிடிச் சுவர் பக்கத்தில்தான் இருந்தது. பெரியவர் நின்ற இடத்திலேயே நின்றார். இரண்டு கைகளும் முன்னால் நீண்டபடியே இருந்தன.

அப்பாவின் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று குரலை ஒடுக்கிக்கொண்டு மகன் கேட்டான்:

"இப்ப அவர் எதைப் பிடிச்சுட்டு நடப்பாரு?"