ஐந்தாவது கையுறை

பானெவேஜிஸ் நகரத்து அடுக்குமாடி வீடொன்றின் குளியலறை ஜன்னல் வழியாகக் காலை வெயில் நுழைந்து தொட்டியில் விழுகிறது. தொட்டியின் வெதுவெதுப்பான தண்ணீரில், வீட்டுக்காரி நியோலே, பீர் நொதிக்க வைத்த பாத்திரங்கள் கழுத்தளவு முழுகி நிற்கின்றன: மூன்று வெள்ளரி ஊறுகாய் ஜாடிகள், ஒரு குடிநீர் கேன், ஒரு பழைய பால் தூக்கு. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு ரப்பர் கையுறை. உள்ளே பீர் உயிரோடிருந்தால் காற்று ஏறிக் கையுறை நிமிரும். போன முறை ஒன்றுகூட நிமிரவில்லை. அத்தனையும் சாக்கடைக்குப் போயிற்று. இன்று நான்கு விறைப்பாக நிற்கின்றன. தூக்கின் கையுறை மட்டும் துவண்டு கிடக்கிறது. தோளில் துண்டும் கையில் சோப்புமாகக் கணவன் ரிமாஸ் வாசலை அடைத்து நிற்கிறான். “அஞ்சும் எழுந்தாத்தான் தொட்டி உனக்குன்னு நீதானே பந்தயம் கட்டுனே? தூக்கு செத்துப்போச்சு. எல்லாத்தையும் எடு, நான் குளிச்சு ஒரு வாரமாச்சு.” “அதை என் மூக்கே சொல்லுதே,” என்றபடி நியோலே குனிந்து தூக்கில் காதை வைக்கிறாள். உள்ளே கஞ்சி கொதிப்பதுபோல் மெல்லிய சலசலப்பு. ஈர விரலால் விளிம்பைத் தடவிப் பார்க்கிறாள். ஓரிடத்தில் காற்று சில்லென்று கசிகிறது. தலைமுடியில் போட்டிருந்த ரப்பர் பேண்டை உருவி, கையுறையின் மேல் இறுக்கிச் சுற்றுகிறாள். அவிழ்ந்த முடி முகத்தில் சரிய, ஒதுக்கக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சுண்டுவிரல் மெல்லப் புடைக்கிறது. அடுத்த விரல் அசைகிறது. உள்ளங்கை உப்பி, முழுக்கையும் எழுந்து, ரிமாஸின் முகத்துக்கு நேரே, ‘நில்’ என்பதுபோல் நிற்கிறது. அவன் கையுறையைப் பார்க்கிறான், சோப்பைப் பார்க்கிறான். “மேல்வீட்டுல குளிச்சுட்டு வரேன்.” “கதவைச் சாத்திட்டுப் போ,” என்கிறாள் நியோலே. “புள்ளைங்களுக்குக் குளிர்காத்து ஆகாது.”