லாம்பேர் வீதிக்குப் புதுப் பெயர்

பெயர்ப்பலகையை மூடியிருந்த துணியை இழுத்துவிட்டு ஒலிபெருக்கி முன் வாயைத் திறந்த ஹோசியா, திறந்த வாயை மூடாமல் நின்றார்.

பக்கத்தில் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நான்.

வனுவாட்டுக்கு விடுதலை கிடைத்து ஒரு வருடம். தெருக்களில் கிடந்த வெள்ளைக்காரன் பெயர்களையெல்லாம் பிடுங்கி எறியப் போட்ட குழுவுக்கு ஹோசியாதான் தலைவர்.

"இன்னியோட லாம்பேருங்கற பேரு இந்த ஊர்ல யார் வாயிலயும் வரக் கூடாது!" என்று சற்று முன்புதான் முழங்கியிருந்தார்.

புதுப் பெயர் அவருடைய மாமனாருடையது. இதே தெருவில் பிரெஞ்சுக்காரனின் பலகையைக் கோடரியால் வெட்டிச் சாய்த்து, சிறைக்குப் போய், இருமலோடு திரும்பி வந்து செத்த மனிதர். தகுதியான பெயர்தான், நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எங்கள் தீவு வழக்கப்படி மாமனார் பெயரை மருமகன் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் கோரைப்பல் சுருண்ட பன்றி ஒன்றை மச்சான்மாருக்கு அபராதமாகக் கொடுக்க வேண்டும். பன்றி போனால் போகிறது, கேலி சாகும்வரை போகாது.

பெயரை எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டார். பலகைக்கு வர்ணம்கூடத் தேர்ந்தெடுத்தார். வாயால் சொல்லவும் ஒரு நாள் வரும் என்பது மட்டும் அந்தப் பெரிய மண்டையில் உதிக்கவில்லை.

முன்வரிசையில் மச்சான்கள் நால்வரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களுக்கு அருகில் ஹோசியாவின் மனைவி மேவிஸ். அப்பாவின் பெயர் ஒரே ஒரு முறை ஊரறிய ஒலித்துவிடாதா என்று காத்திருந்தாள்.

ஹோசியா தொண்டையைக் கனைத்தார்.

"முன்னாடி லாம்பேர் வீதின்னு சொல்லிட்டிருந்தோமே, அந்த... அந்த வீதிய..."

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. மேவிஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹோசியா ஒலிபெருக்கியை என் பக்கம் தள்ளினார். "நீயாவது படிச்சுத் தொலைடா."

மச்சான்கள் நால்வரும் ஒருசேர என்னைப் பார்த்தார்கள். மேவிஸும் நிமிர்ந்தாள்.

பலகையைப் பார்த்தேன். அழகான எழுத்து. சின்னப் பிள்ளைகூடப் படித்துவிடும்.

"லாம்பேர் வீதி இனிதே திறந்து வைக்கப்பட்டது" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன்.

மேவிஸ் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

அவள் தங்கையும் பேசுவதில்லை. இத்தனைக்கும் எனக்கு மூன்று பிள்ளைகளைப் பெற்றுக் கொடுத்தவள்.